எழவு வீட்டுச் சீனரி

துணியில் ஈ உட்கார்ந்திருந்தது. மேல் பாதியில் மலையும் மேகமும் வரைந்திருந்த இடத்தில் ஒன்றுகூட இல்லை. அருவி வந்து விழுகிற பள்ளத்தில் மட்டும், தண்ணீர் என்று எவனோ தீட்டி வைத்திருந்த வெளுப்பின் மேல், பச்சை ஈக்கள் அப்பிக்கிடந்தன. காளியப்பன் துண்டை விசிறினார். எழும்பவில்லை. துண்டை முறுக்கித் துணியிலேயே ஓர் அடி போட்டார். சிலது நசுங்கிக் கீழே விழுந்தது. மற்றவை நகர்ந்து வந்து அந்த இடத்தை நிரப்பிக்கொண்டன.

கையால் தள்ளிவிடலாமென்று தொட்டார். துணி ஈரமாக இருந்தது. கொழகொழவென்று, பாசி பிடித்த படியைத் தொட்ட மாதிரி. வேட்டியில் விரலைத் துடைத்துவிட்டு மோந்து பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது.

எண்பத்திமூன்றாம் வருஷத்துக் கோடை அது. மல்லசமுத்திரத்துக்கு மேற்கே எந்தக் கிணற்றை எட்டிப் பார்த்தாலும் அடிப்பாறைதான் தெரிந்தது. மாட்டுக்குத் தண்ணீர் காட்ட முடியாமல் பாதி ஊர் மாட்டை விற்றுவிட்டது. சொட்டுத் தண்ணீர் இல்லாத ஊரில், ஓட்டு வீட்டின் முன்கூடமான ஆசாரத்துச் சுவரில் தொங்குகிற ஒரு துணி எப்படி நனையும் என்று அவருக்கு விளங்கவில்லை.

அதை மாட்டியது முந்தின நாள். அவருக்கு அப்போதே பிடிக்கவில்லை.

அவர் மனைவி பெரியநாயகிக்கு வயிறு வீங்கிப் படுத்தபடுக்கையாகிவிட்டது. இனி வீட்டுக்கே கூட்டிப் போய்விடுங்கள் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். மகன் மயில்சாமி போர்க்கிணறு போடும் ரிக் வண்டியில் வேலை. அன்று மத்தியானம் வண்டி ஆந்திராவுக்குக் கிளம்புகிறது, போனால் வரப் பல நாளாகும். போவதற்கு முன்னால் அவன்தான் பேச்சை எடுத்தான்.

“அம்மாளுக்கு ஒரு போட்டோகூட இல்லீங்கப்பா. நாளைக்கு எதுக்கு மாலை போடுவீங்க, அவங்க சீலைக்கா?”

“உசுரோட கெடக்கறவளுக்கு மாலைக்கு அளவெடுக்கறயாடா?”

“அப்படியே கோவம் வந்துரும். எடுத்து வெச்சுக்கறதுல என்னங்க தப்பு?”

மல்லசமுத்திரத்தில் ஸ்டுடியோ வைத்திருந்த வேலுமணி, சைக்கிள் கேரியரில் மூங்கிலில் சுற்றிய துணியும் தோளில் பெட்டிக் காமிராவுமாக வந்து சேர்ந்தான். துணியை விரித்ததுமே காளியப்பனுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் சாவு விழுந்தால், பிணத்தைக் குளிப்பாட்டி, தாடையைக் கட்டி, மாலை போட்டு நாற்காலியில் உட்கார வைத்து, சொந்தபந்தம் சுற்றி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். சுவரின் விரிசலும் கரியும் படத்தில் விழாதிருக்க, பின்னால் வேலுமணி கட்டுகிற துணி இது.

“ஏம்ப்பா, இது எங்க மச்சான் எளவுல கட்டுனதல்லொ?”

“அதேதானுங்க. பூந்தோட்டத் துணி ஒரு கல்யாணத்துக்குப் போயிருச்சுங்க. படத்துல எல்லாம் ஒண்ணுதானுங்க.”

“பொணத்துக்குக் கட்டுனத உசுருக்குக் கட்ட உனக்குக் கை வருதா?”

“அட, துணிதானுங்கப்பா. உடுங்க,” என்றான் மயில்சாமி, வெளியே லாரிச் சத்தம் வருகிறதா என்று காதை வைத்துக்கொண்டே.

கறுப்பு வெள்ளைப் படத்துக்கான துணி, அதனால் அதில் நிறமே கிடையாது. எல்லாம் சாம்பலும் வெளுப்பும், பூசணம் பூத்த சோற்றின் நிறம். தலைக்குமேல் தலை வைத்தாற்போல மலை. அதன் நடுவயிற்றைக் கிழித்துக்கொண்டு அருவி. அது விழுகிற பள்ளத்துக்கு அடி வரையவில்லை, வெறும் புகை. புகையோரத்தில் பாறை விளிம்பு. மரமில்லை, வழியில்லை, ஆளில்லை. காளியப்பன் பிறந்ததிலிருந்து திருச்செங்கோட்டு மலையையும் சங்ககிரியையும் தூரத்தில் பார்த்துக்கொண்டே உழுதவர். அந்த மலைகள் அதனதன் இடத்தில் கிடக்கும், மழை எந்தப் பக்கம் இறங்குகிறதென்று சொல்லும், மனுஷனை ஒன்றும் செய்யாது. இது அப்படியில்லை. இது ஆளை அவமானப்படுத்துவதற்கென்றே நின்றது.

“இதுல எங்கப்பா உழுவே? எங்க மாட்டக் கட்டுவே? ஒண்ணுக்கும் ஆகாத எடத்த எதுக்கு இத்தனை பெருசா எளுதி வெச்சிருக்கான்?”

வேலுமணி ஆணி அடித்துக்கொண்டே சிரித்தான். “சேலத்துல சினிமா போர்டு எழுதற ஆளுங்க. வெளிநாட்டுக் காலண்டர்ப் படத்தப் பாத்து எழுதுனது. பாக்கறவனுக்கு ஈரக்கொலை நடுங்கோணும், ஆனாக் கண்ண எடுக்க முடியக் கூடாது, அதுதான் சீனரின்னு சொன்னானுங்க.”

“நடுங்கறதுக்குப் படம் எதுக்கு? என்ற கெணத்த எட்டிப் பாத்தாப் போதும்.”

பெரியநாயகியைத் தூக்கி வந்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். சரிந்துவிடாமலிருக்க, படத்தில் விழாதபடி தரையில் குத்தவைத்து, காளியப்பன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வேலுமணி கறுப்புத் துணிக்குள் தலையை விட்டான். வெளிச்சம் பத்தவில்லை, காமிரா மூடியைக் கொஞ்ச நேரம் திறந்து வைக்க வேண்டும், யாரும் அசையாதீர்கள் என்றான். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் தலை ஒரு தரம் தொங்கியது. கை சில்லிட்டது. காளியப்பன் தன் முரட்டுக் கைக்குள் அதை இறுக்கி வைத்துக்கொண்டு, திருச்செங்கோட்டு மலையிருக்கிற திசையை நினைத்தார். எந்திரிச்சு ஒரு வாய் சோறு தின்னட்டும் சாமி, வேறொன்றும் எனக்கு வேண்டாம். வாழ்க்கையில் அவர் எதையும் அப்படிக் கெஞ்சிக் கேட்டதில்லை.

அவள் தலை நிமிர்ந்தது. நிமிர்ந்ததோடு நிற்காமல், கழுத்து மெல்ல மெல்லத் திரும்பி, பின்னால் இருந்த துணியைப் பார்த்தது.

“ஏனுங்க,” என்றாள். பல நாளாகப் பேச்சில்லாமல் கிடந்தவள். “எத்தனை பெருசுங்க. பயமா இருக்குது. ஆனா, பாத்துட்டே இருக்கோணுங்குது.”

வேலுமணி கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை எடுத்தான். வாய் திறந்திருந்தது. ஏதோ சொல்ல வந்தவன் சொல்லாமல் காமிராவை மடக்கினான். துணி இங்கேயே இருக்கட்டும், பொறகு பார்த்துக்கலாம் என்று சொல்லிக்கொண்டே சைக்கிளில் ஏறிவிட்டான். அம்மா பேசிவிட்டாள் என்ற சந்தோஷத்தில் மயில்சாமி லாரி ஏறிப் போனான்.

“கட்டிலத் திருப்பிப் போடுங்க. எனக்கு அது தெரியோணும்.”

நாற்பது வருஷத்தில் அவள் அவரிடம் கேட்ட முதல் காரியம். திருப்பிப் போட்டார்.

மறுநாள் விடிந்தபோது அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். குடம் மாதிரி வீங்கியிருந்த வயிறு வற்றிப்போயிருந்தது. கட்டிலுக்கடியில் தரையெல்லாம் தண்ணீர், கறுத்த தண்ணீர், கயிற்றிலிருந்து இன்னும் நூல் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. சாணியைக் கரைத்து ஊற்றி அவரே வழித்தார். மாட்டுக்குப் பேறு பார்த்த கை, செத்த ஆட்டைப் புதைத்த கை. ஆனாலும் அந்த வாடை அவருக்குத் தாங்கவில்லை. வெளியே ஓடிப் போய்க் குனிந்து நின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். சீக்கு இறங்குகிறது, இறங்குகிற சீக்கு நாறத்தானே செய்யும் என்று சொல்லிக்கொண்டார்.

“பசிக்குதா புள்ள?”

“உங்களுக்குப் பசிக்கும். நா ஆக்கித் தாரேன்.”

அடுப்புக்குப் போகும்போது கால்களைத் தூக்கி வைக்கவில்லை, இழுத்தாள். எங்கே நின்றாலும் முகம் மட்டும் துணியிருக்கும் பக்கம் திரும்பிக்கொண்டது. அன்றைக்குத்தான் அவர் அந்த ஈக்களைப் பார்த்தார். துண்டால் அடித்து அலுத்துப்போய்த் திரும்பினால், அவளும் துணியைப் பார்த்தபடி நிற்கிறாள். ஒரு ஈ அவள் கண்ணோரத்தில் இறங்கி, கருவிழி மேலேயே நடந்து, அந்தப் பக்கம் போனது. இமை அசையவில்லை.

பக்கத்துத் தோட்டத்து முத்தாயம்மாள், பெரியநாயகி எழுந்து நடக்கிறாளாம் என்று கேள்விப்பட்டு, வாயெல்லாம் பல்லாக ஒரு கிண்ணம் மோரோடு வந்தாள்.

“என்னுங்க அண்ணி, எமனுக்கே டிமிக்கி குடுத்துட்டீங்களாட்ட இருக்குது!” என்று நடையில் கால் வைத்தவள், அங்கேயே நின்றாள். முந்தானை மூக்குக்குப் போனது. “ஏனுங்கண்ணா, எலி கிலி செத்துக் கெடக்குதுங்களா?”

“செத்ததெல்லாம் ஒண்ணுமில்ல. சீக்கு வாடை. உள்ள வா.”

அவள் வரவில்லை. உள்ளேயே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்க முகம் வெளுத்தது. “அண்ணி காதுல எறும்பு சாரை போவுதுங்கண்ணா,” என்றாள் மெதுவாக. “உள்ள போவுது. வெளிய வல்லீங்க.” மோர்க் கிண்ணத்தை அங்கேயே வைத்துவிட்டு, வரப்பு தாண்டிப் போகும்வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“போறா பாரு, ஊர்ப் பேச்சுக்கு ஆள் சேக்கறதுக்கு,” என்று காளியப்பன் துப்பினார். மோரை எடுத்துப் பார்த்தார். அதற்குள் அதில் புழு நெளிந்தது.

எறும்பைத் தட்டிவிட்டுக் குளிப்பாட்டலாமென்று, டேங்கர் லாரியில் பிடித்து வைத்திருந்த தண்ணீரில் ஒரு குடம் கொண்டுவந்தார். முதுகைத் தேய்த்தார். ஊறிய அவரைக்கொட்டையின் தொலி போல, தோல் அவர் உள்ளங்கையோடு வழுக்கிக்கொண்டு வந்தது. அவள் முனகக்கூட இல்லை. துணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தோலை இருந்த இடத்தில் மறுபடி ஒட்டி, மேலே சேலையைப் போட்டு மூடினார். அப்படி எதைத்தான் பார்க்கிறாள் என்று ஆத்திரம் பொத்துக்கொண்டு வர, முதல் தடவையாக அவரும் அவள் தோளுக்கு மேலாக அந்தத் துணியை நின்று பார்த்தார்.

பார்க்கப் பார்க்க மலை வளர்ந்தது என்று சொல்ல முடியாது. மலை அப்படியேதான் இருந்தது. அவர்தான் சிறுத்தார். வெளியே தார் உருகுகிற வெயில், ஓடு சூட்டில் படபடவென்று வெடிக்கிறது. அவர் முழங்காலில் மட்டும் குளிர் ஏறியது. கிணற்றுக் கொத்து வேலைக்குக் கயிற்றில் இறங்கும்போது உள்ளங்காலில் ஒரு கூச்சம் வருமே, அந்தக் கூச்சம். பள்ளத்துப் புகை மெல்லப் புரண்ட மாதிரி இருந்தது. தண்ணீர் விழுகிற சத்தம் எங்கோ கேட்டது. விழுந்து மோதுகிற சத்தம் மட்டும் கேட்கவேயில்லை. விழுந்துகொண்டே இருந்தது. தலையை உதறிக்கொண்டு கண்ணை மூடியபோது தன் உடம்பு முன்பக்கம் சாய்ந்திருப்பது தெரிந்தது. மூக்கு துணியைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவ்வளவு தூரம் எப்போது நடந்தாரென்று தெரியவில்லை.

இதற்குமேல் இந்தக் கருமம் வீட்டில் இருக்கக் கூடாது என்று வேலுமணியின் ஸ்டுடியோவுக்கு வெயிலிலேயே நடந்தார்.

அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒற்றைமயிர்ப் பிரஷ்ஷால் ஒரு படத்தைத் திருத்திக்கொண்டிருந்தான்.

“துணிய வந்து எடுத்துட்டுப் போ. ஊடே நாறிப்போச்சு.”

“அம்மா எப்படி இருக்காங்க?” குனிந்தபடியே கேட்டான்.

“நடக்கறா. சோறாக்கறா.”

பிரஷ் நின்றது. “நடக்கறாங்களா?”

“ஏன், நடக்கக் கூடாதா? போட்டோ எடுத்தாச் செத்துத்தான் போவோணும்னு சட்டம் வெச்சிருக்கறயா?”

வேலுமணி மேஜைக்குள்ளிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினான். பெரியநாயகி நாற்காலியில் இருந்தாள். பின்னால் மலை. கண் இரண்டும் பளிச்சென்று திறந்திருந்தன.

“நல்லாத்தான இருக்குது.”

“அந்தக் கண்ணு நான் மையில எழுதுனதுங்க. எளவு ஊட்டுப் படத்துக்கெல்லாம் அப்படித்தான், மூடியிருக்கற கண்ணு மேல தொறந்த கண்ணு எழுதிக் குடுப்பேன். பாக்கறவங்களுக்கு ஒரு ஆறுதலுங்க.”

“டேய், இது உசுரோட இருக்கறப்ப எடுத்தது.”

“மூடியத் தொறக்கறப்ப உசுரு இருந்துதுங்க. மூடறதுக்குள்ள போயிருச்சு.” அவன் குரல் தாழ்ந்தது. “மூச்சு இருந்தா காமிராக் கண்ணாடியில நெஞ்சுக்கிட்டக் கொஞ்சமாச்சும் கலங்கும். பாதிக்கு மேல கலங்கவே இல்லீங்க. எத்தனை பொணத்த எடுத்திருக்கேன், எனக்குத் தெரியாதுங்களா? சொல்லிப்போடலாம்னு தலைய வெளிய எடுத்தேன். அதுக்குள்ள திரும்பிப் பாத்துட்டாங்க.”

காளியப்பன் அவன் சட்டையை எட்டிப் பிடித்தார். அவன் விடுவித்துக்கொள்ளப் பார்க்கவில்லை.

“எல்லாப் பொணத்தையும் அந்தத் துணிக்கு முதுகக் காட்டித்தானுங்க உக்கார வெப்போம். எதுவும் அதப் பாத்ததில்ல. இவங்க பாத்துட்டாங்க. அதுவும் பாத்திருக்கும். நான் வல்லீங்க சாமி, கையெடுத்துக் கும்பிடறேன். அவுத்து எரிச்சுப்போடுங்க.”

“எரிச்சா?”

“படுத்துக்குவாங்க.”

வழியில் தீப்பெட்டி வாங்கினார். எரிக்கத்தான் போகிறார். காடெல்லாம் வெந்து கிடந்தது, காக்கைகூட இல்லை. படுத்துக்குவாங்க. அந்தச் சொல்லையே மென்றுகொண்டு நடந்தார். படுத்துக்கொண்டால் தூக்க வேண்டும். மகனுக்குச் சொல்லியனுப்ப வேண்டும். குழி வெட்ட வேண்டும். அப்புறம் இந்த வீட்டுக்குள் அவர் தனியாக வர வேண்டும். தீப்பெட்டி வேர்வையில் நமுத்தது.

வீட்டில் அரிசியும் பருப்பும் கொதிக்கிற வாசம் வந்தது. அதற்கடியில் மற்ற வாசம்.

காற்றில் துணியின் ஒரு முனை ஆணியோடு பிடுங்கிக்கொண்டு தொங்கியது. பாதி மலை மடிந்து கிடந்தது.

அடுப்படிக்குப் போனார்.

அவள் தரையில் சரிந்திருந்தாள். பாதி. வலப்பக்கம் மொத்தமும் இறங்கியிருந்தது. கன்னம் தாடையை விட்டு நழுவியிருந்தது. கண் உள்ளே போய், அந்தக் குழியில் எறும்பு. வலக்கை நீலமாக, விரைத்து, ஊதிப்போய். இடக்கை கரண்டியைப் பிடித்திருந்தது. கிண்டிக்கொண்டிருந்தது.

இடக்கண் அவரைப் பார்த்தது.

“ஏனுங்க,” என்றது பாதி உதடு. “அதக் கொஞ்சம் மாட்டி உடுங்க.”

அவர் நின்றார். தீப்பெட்டி கையில் இருந்தது. ஈரத்துக்கு மண்ணெண்ணெய் ஊற்றினால் ஒரு குச்சி போதும். காய்ந்த ஓலை மாதிரி ஒரு நிமிஷத்தில் போய்விடும்.

“உங்களுக்குச் சோறு போடோணும்,” என்றது.

வாந்தி வந்தது. விழுங்கினார். கண்ணில் தண்ணீர் வந்தது. அதைத் துடைக்கவில்லை.

தீப்பெட்டியை அடுப்புக்குள் எறிந்துவிட்டு, அம்மிக் குழவியை எடுத்துக்கொண்டு ஆசாரத்துக்குப் போனார். ஈரத் துணியைத் தோளில் தாங்கி, முகத்தை ஒருபக்கம் திருப்பிக்கொண்டு, மூச்சை அடக்கி, ஆணியை அதே ஓட்டையில் வைத்து அடித்தார். நின்றது. பெயர்ந்து வராதபடி இன்னும் அடித்தார். சுவர்க்காரை உதிர உதிர அடித்தார். கழுத்தோடு ஏதோ வழிந்து இறங்கியது.

பின்னால் காலை இழுக்கிற சத்தம்.

முழுதாக வந்தாள். இரண்டு கண்ணும் இருந்தன. இரண்டு கையிலும் சோற்று வட்டில்.

உட்கார்ந்தார். போட்டாள். பிசைந்தார். சோற்றில் மெல்லிசாக ஏதோ கிடந்தது. நகம். பார்க்காமல் அள்ளி வாயில் போட்டார். கடிக்காமல் விழுங்கினார்.

“நல்லா இருக்குதுங்களா?”

“ம்.”

சிரித்தாள். வாய் திறந்தது. இன்னும் திறந்தது.

பல் இல்லை. நாக்கு இல்லை. அவர் முகத்தில் குளிர்ந்த காற்று அடித்தது, புருவமயிர் சிலிர்க்க. உள்ளே சாம்பல் வெளிச்சம். பாறை. பாறைக்குக் கீழே பாறை. புகை. தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

குனிந்து பார்த்தார்.

ரொம்ப ஆழத்தில், ஒரு விளிம்பில், எறும்பளவு ஒரு பொம்பளை. அந்தத் தோள் சாய்வு அவருக்குத் தெரியும். நாற்பது வருஷமாகத் தெரியும். அண்ணாந்து, இரண்டு கையையும் தூக்கி ஆட்டி, அவரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். வேண்டாம், வேண்டாம் என்பது போல. சத்தம் மேலே வரவில்லை.

வாய் மூடிக்கொண்டது. உதட்டைத் துடைத்துக்கொண்டது.

“இன்னுங் கொஞ்சம் போடட்டுங்களா?” என்று கேட்டது.